திருகாணிக்குச் சொந்தக்காரர்கள்

...இல்லை, தப்பாகக் காதில் விழுந்திருக்கும், இத்தனை சத்தத்தில், விண்கப்பல் குலுங்குகிறது, விளக்குகள் அணைந்து அணைந்து எரிகின்றன, கேப்டன் யாரையோ கூப்பிட்டுக் கத்துகிறான், அந்தப் பெயரையா கத்தினான்... "திருகாணி எங்கடா? கூப்பிடுங்க அவள!" மறுபடியும். அதே பெயர்தான். திரையில் ஒரு குழாய்க்கு அடியிலிருந்து முதலில் இரண்டு கால்கள், பிறகு கிரீஸ் அப்பிய முகம், பற்களுக்கு நடுவில் ஸ்க்ரூடிரைவர், இடது கையால் முடியை ஒதுக்கிக்கொண்டு எழுந்து, "கத்தினா கப்பல் ஓடுமா?" என்கிறாள், அரங்கமே சிரிக்கிறது, நான் மட்டும் நிமிர்ந்து உட்காருகிறேன், ஏனென்றால் அது என் தங்கை, செத்துப்போன என் தங்கை, பக்கத்து இருக்கையில் அம்மா.

அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது, எப்போது பிடித்தாள்? டிவி தொடரில் வரும் இந்தக் கேப்டனை அம்மாவுக்குப் பிடிக்கும், ஏசியில் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்றுதானே அழைத்து வந்தேன், படத்தில் திருகாணி இருப்பாள் என்று யார் கண்டது... தங்கைக்குத் திருகாணி என்று பெயர் வைத்தவர் அப்பா, கைக்குக் கிடைத்ததையெல்லாம் கழற்றிப் போட்டுவிடுவாள், ரேடியோ, மின்விசிறி, ஒரு தடவை குளியலறைக் குழாய், கூடம்வரை வெள்ளம், அப்பா வாயைத் திறந்ததும் "கத்தினா தண்ணி நிக்குமாப்பா?" என்றாள், அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் மூளைக்காய்ச்சல், வந்த வேகத்தில் கொண்டுபோய்விட்டது. அந்த வருஷம்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது, ஊரெல்லாம் டிவியில் பார்க்கும், இப்போது படமாகவும் வந்திருக்கும் இந்த விண்வெளித் தொடரை வைத்து நாவல் எழுதும் வேலை, கப்பல் தொடரை எடுக்கும் கம்பெனியுடையது, கேப்டன் அவர்களுடைய ஆள், ஆனால் கப்பலைப் பழுது பார்க்க ஒரு பெண் தேவைப்பட்டாள், கை தானாக எழுதிவிட்டது, பெயர், பேச்சு, இடது கை, எல்லாம். அம்மா அதைப் படிக்கவில்லை. "டிவியில பாக்குறது போதும், படிக்கிறதெல்லாம் எனக்கெதுக்குடி?" என்றாள், நானும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது?

இடைவேளையில் கழிவறை வாசலில் நின்றபடி நாவலின் பதிப்பாசிரியரைப் போனில் கூப்பிட்டேன். "சார், அது என் கேரக்டர் சார்." "சொல்லணும்னுதான் இருந்தேம்மா. ஆனா உங்க கேரக்டர்னு சொல்லாதீங்க. அந்த உலகத்துக்குள்ள நீங்க என்ன உருவாக்கினாலும் அது கம்பெனியோடது. கையெழுத்துப் போடும்போதே சொன்னேனே, வாடகை வீட்டுல நீங்க மரம் நட்டாலும் மரம் வீட்டுக்காரருக்குத்தான்னு." சொன்னார், நான்கூடச் சிரித்தேன், நடப்போவது மரம் என்றல்லவா நினைத்தேன்... "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்?" "யாருக்கும்மா தெரியும், அவ உங்களுக்கு யாருன்னு?" யாரிடமும் சொன்னதில்லைதான், இப்போது சொன்னேன், செத்துப்போன என் தங்கை என்று. பிறகு அவர் குரல் இறங்கியது. "யாரோட வந்திருக்கீங்க?" "அம்மாவோட." "இப்பவே கிளம்பிடுங்கம்மா. கடைசியில... அவ பிழைக்கல."

பிழைக்கவில்லையா? என் நாவலில் பிழைத்தாளே, அதற்காகத்தானே எழுதினேன், கப்பலுக்கு வெளியே தொங்கிக்கொண்டு ஓட்டையை அடைத்துவிட்டு, வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்து, பசிக்குது என்பாள், அந்த ஒரு வரிக்காக முழுப் புத்தகத்தையும் மூன்று தடவை திருத்தி எழுதினேன். இன்னொரு தடவை சாக வேண்டுமா அவள், யாரைக் கேட்டு? ஆஸ்பத்திரியில்கூட ஒவ்வொன்றுக்கும் வெளியே வந்து, சொந்தக்காரங்க யாரு, சொந்தக்காரங்க யாரு என்று கேட்டார்களே, ஓடி ஓடிப் போய் நின்றேனே... இங்கே சொந்தக்காரர்கள் வேறு யாரோ.

"தலை வலிக்குதும்மா, வீட்டுக்குப் போயிடலாமா?" அம்மா திரும்பவில்லை, விளம்பரம் ஓடும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீதானே எழுதின?" "ஆமாம்மா." "என்கிட்ட சொல்லவே இல்ல." "படத்துல வருவான்னு எனக்கே தெரியாதும்மா, சத்தியமா... வாம்மா, போயிடலாம், முடிவு நல்லா இருக்காதாம்." "நீ வேணா வெளிய போய் உட்காரு. நான் அவளப் பாக்கணும்."

விளக்கு அணைந்தது, நான் எழுந்திருக்கவில்லை, கடைசிக் காட்சி வரும்போது அம்மாவின் கண்ணைப் பொத்துவேனா, காதைப் பொத்துவேனா, இழுத்துக்கொண்டு ஓடுவேனா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. திரையில் சண்டை ஓய்ந்து எல்லோரும் தரையில் சாய்ந்திருக்கிறார்கள், யாரோ திருகாணியிடம் ஒரு குவளைத் தண்ணீரை நீட்டுகிறார்கள், வாங்கி, குடிக்கும் முன் அவள் அதை ஊதுகிறாள். உஃப், உஃப். அம்மாவிடமிருந்து ஒரு சத்தம், சிரிப்பா அழுகையா தெரியவில்லை. "பாருடி, பச்சத்தண்ணிய ஊதிக் குடிக்கிறா!" சின்ன வயதில் சூடான பாலில் நாக்கைச் சுட்டுக்கொண்ட பிறகு எதையும் ஊதித்தான் குடிப்பாள், எனக்கு அது மறந்தே போயிருந்தது, மறந்ததை எப்படி எழுதியிருப்பேன், அத்தியாயம் அத்தியாயமாக மனசுக்குள் புரட்டுகிறேன், இல்லை, எங்கேயும் இல்லை. "இதையும் நீதான் எழுதினியா?" "இல்லம்மா." "பின்ன அவங்களுக்கு எப்படித் தெரியும்?" எப்படித் தெரியும்? எங்களை அறியாத யாரோ ஒருவர் எழுதியதா, அந்த நடிகைக்கு அந்த நிமிஷம் தோன்றியதா... அபாய மணி ஒலிக்கிறது, அவள் குவளையை வைத்துவிட்டுத் தலைக்கவசத்தை எடுக்கிறாள், அம்மா இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டாள், முடிவு எனக்குத் தெரியும், ஆனால் அதற்குள் இவள் இன்னும் என்னென்ன செய்வாளோ, நான் மறந்தது இன்னும் எதெல்லாம் இவளிடம் இருக்கிறதோ, கண்ணை எடுக்க முடியவில்லை.