பொன்னுத்தாய் லாரியில் ஏறாத மாசம்

வில்பட்டிக்கு முதல் லாரியை ஓட்டிக்கொண்டு வந்தவன் நான். வண்டி என்னுடையது இல்லை, கீழத்தெரு தண்டாயுதபாணியுடையது. கன்னிவாடியில் வேலையில்லாமல் கிடந்த என்னைப் பிடித்து, "ஏலே சேனாதிபதி, மலைக்கு வர்றியா?" என்றார். வந்தேன். அறுபத்தொண்ணாம் வருஷம். அதுவரை அவர் தோட்டத்துப் பூண்டும் உருளைக்கிழங்கும் பெண்கள் தலையில்தான் கொடைக்கானல் சந்தைக்குப் போயின. இரண்டரை மணி நேர ஏற்றம். லாரியில் முக்கால் மணி.

மிச்சமான நேரத்தில் அவர்கள் காலை நீட்டி உட்காருவார்கள் என்று நினைத்தேன். எனக்கு அப்போது வயசு இருபத்தாறு, புத்தி அதைவிடக் குறைவு. மிச்சமான நேரத்தை முதலாளி எடுத்துக்கொண்டார். சந்தையிலிருந்து திரும்பிய கையோடு களைக்கொத்தைக் கொடுத்துத் தோட்டத்தில் இறக்கிவிட்டார்.

அந்தப் பெண்களில் மேலத்தெரு பொன்னுத்தாய்க்கு இன்னொன்றும் போனது. மாரியம்மன் திருவிழாவில் மேலத்தெருப் பெண்களும் கீழத்தெருப் பெண்களும் எதிரெதிரே நின்று கும்மியடித்துத் திட்டிக்கொள்வது அந்த ஊர் வழக்கம். எதிர்த்தெரு ஆளையும் நாறடிக்கலாம், சாமானையும் நாறடிக்கலாம். யாரும் கோபப்படக் கூடாது. இன்னொரு சட்டம், பாட்டு புதுசாக இருக்கணும். பழசைப் பாடின தெரு மூன்று நாள் எதிர்த்தெருவுக்குக் கூழ் காய்ச்சி ஊற்றணும். அந்தத் தெருவின் பாட்டுக்காரி ஆயுசுக்கும் கும்மியில் வாய் திறக்கக் கூடாது. மாரியம்மன் பொங்கலுக்காக வருவதில்லை, இந்தத் திட்டைக் கேட்கத்தான் வருகிறாள் என்பார்கள். மேலத்தெருவுக்கு ஒன்பது வருஷமாகப் பாட்டுக் கட்டுகிறவள் பொன்னுத்தாய். எழுத்துத் தெரியாது. புருஷன் குடிகாரன். அவளுக்கென்று ஊரில் இருந்த ஒரே சொத்து அந்த வாய்.

திருவிழாவுக்கு ஒரு மாசம் இருக்கையில், ஒருநாள் காலையில் லாரிப் பக்கம் வந்து நின்றாள்.

"டிரைவரண்ணே, உங்க வண்டி என் வாயில மண்ணப் போட்டுருச்சு."

"என் வண்டி என்னாத்தா செஞ்சுச்சு?"

"பாட்டு ஒரு வரி வரமாட்டேங்குது. நடக்கையில தலையில மூட்டை இருக்கும், காலு அது பாட்டுக்குப் போகும், வாய் சும்மாக் கெடக்கும். ஒருத்தனும் 'அதச் செய், இதச் செய்'னு ஏவ முடியாது. அந்நேரந்தான் பாட்டு வரும். இதுல ஏறுனா, குலுக்குற குலுக்குல நேத்துக் குடிச்ச கஞ்சிதான் வருது."

பின்னால் ஏறி உட்கார்ந்திருந்த சின்னத்தாயி கத்தினாள்: "அப்ப அதையே பாடுடி! புதுசாத்தான இருக்கும்!"

"சாயங்காலம் வீட்டுல ஒக்காந்து யோசிக்கிறது?" என்றேன்.

"அடுப்பு, புள்ளைக, அந்தக் குடிகாரன். நீங்க வந்து ஒருநாள் ஒக்காந்து யோசிங்க, பாப்போம்."

கொடைக்கானல் ஏரிக்கரையில் பட்டணத்து ஆள்கள் மப்ளர் கட்டிக்கொண்டு நோட்டில் எழுதுவார்கள். அமைதியில்தான் கற்பனை ஊறும் என்று ஒருவர் எனக்கே விளக்கியிருக்கிறார். அவருக்குக் காப்பியை வேறு ஒருவன் சுமந்து வந்தான். பொன்னுத்தாய் அமைதியைக் கேட்கவில்லை. தன்னை எவனும் ஏவாத இரண்டரை மணி நேரத்தைக் கேட்டாள்.

மறுநாள் அவள் லாரியில் ஏறவில்லை. பூண்டு மூட்டை ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொண்டு பாதையில் இறங்கிவிட்டாள். முதலாளி கூப்பாடு போட்டார்.

"லாரி சும்மா போகுது, இவ நடக்குறா! கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?"

"வெள்ளனே கெளம்பிர்றேங்க. பிந்துன நேரத்துக்கு இருட்டுற வரைக்கும் களை வெட்டுறேங்க."

வெட்டவும் செய்தாள். முதல் வாரம் வளைவில் அவளைத் தாண்டுகையில் "வந்துச்சா?" என்று கேட்டேன்.

"காலு வலிதான் வந்துச்சு. போங்கண்ணே."

இரண்டாம் வாரம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போனாள், ஹாரன் அடித்தும் திரும்பவில்லை. மூன்றாம் வாரம் மேட்டில் லாரி நின்றுவிட்டது. பெண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். முதலாளி மட்டும் முன்சீட்டை விட்டு அசையவில்லை, தலையை வெளியே நீட்டி, "வெரசாத் தள்ளுங்கடி!" என்றார். நான் டயரை உதைத்தேன், வண்டியின் அம்மாவைத் திட்டினேன். அந்த நேரம் பொன்னுத்தாய் வந்து சேர்ந்தாள். மூட்டையை இறக்காமல் நின்று, வெற்றிலையை மென்றபடி எல்லாவற்றையும் பார்த்தாள்.

"பாத்துக்கிட்டே நிக்கிறயே, வந்து தள்ளேன்!"

"எனக்குச் சோலி கெடக்குண்ணே" என்று எங்களைத் தாண்டிப் போய்விட்டாள்.

திருவிழா மத்தியானம். கீழத்தெரு வேலுத்தாய் மேலத்தெரு ஆண்களின் குறட்டையைப் பற்றி நன்றாகவே பாடினாள். பிறகு பொன்னுத்தாய் முந்தானையைச் செருகிக்கொண்டு நடுவில் வந்தாள்.

"சீமையில செஞ்சுவந்த செவத்த லாரிதான் – அது
மேட்டக் கண்டா படுத்துக்கிற கெழட்டு மாடுதான்
ஓட்டிவந்த சேனாதிபதி ஒதைச்சுப் பாத்தான் – அது
ஒத்த அடி நகரலன்னு ஒப்பாரி வச்சான்!"

கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு ஒளிய இடமில்லை, சிரித்து வைத்தேன். அவள் அடுத்ததை எடுத்தாள்.

"ஏறிப்போக வண்டியின்னு எங்களுக்குச் சொன்னாக – நாங்க
எறங்கித் தள்ளி வண்டியத்தான் ஏத்திவிட்டோமே
முன்சீட்டு மொதலாளி எறங்கிப் பாக்கட்டும் – லாரி
மூச்சு விட்டுத் தானா அந்த மேடு ஏறட்டும்!"

முதலாளி நல்ல கனம், அது ஊருக்கே தெரியும். மேலத்தெரு கூவியது. கீழத்தெருப் பெண்களே கை தட்டினார்கள். பதில் பாடவேண்டிய வேலுத்தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோபப்படக் கூடாது என்பது சட்டம். முதலாளியும் சிரித்தார், பல்லால் மட்டும்.

திருவிழா முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். பூண்டு ஊன்றும் சமயம், ஆள் கிடைக்காது. அவளை வேலையை விட்டு நிறுத்த முடியாது. வேறு தண்டனை யோசித்து வைத்திருந்தார்.

"இனி அந்தக் கழுதைய வண்டியில ஏத்தாத. நடந்தே சாகட்டும்."

போய்ச் சொன்னேன். பொன்னுத்தாய் என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நெசமாவாண்ணே? பேச்சு மாறிற மாட்டாரே?"

"மாற மாட்டாரு. ரொம்பக் கோவமா இருக்காரு."

மறுநாள் அவள் போய் வெகு நேரம் கழித்து நான் வண்டியை எடுத்தேன். பின்னாலிருந்து சின்னத்தாயி கண்ணாடியைத் தட்டினாள்.

"டிரைவரண்ணே, எங்களையும் எறக்கிவிடணும்னா, மொதலாளிய என்னன்னு சொல்லித் திட்டணும்?"