முகம் தெரிந்தவர்

அன்று மாப்பிள்ளை போட்டிருந்த கோட்டு பழுப்பா, சாம்பலா என்பது எனக்கு இப்போது நிச்சயமில்லை. மாமியார் சொன்னால் பழுப்பு. மாப்பிள்ளை சொன்னால் சாம்பல், அதுவும் புத்தம் புதுசு. இரண்டு பேரிடமும் மாறி மாறிக் கேட்டதில் யார் எதைச் சொன்னார்கள் என்பதே குழம்பிவிட்டது. இடைவெளி தெரிந்த இடங்களில் நானே கொஞ்சம் பஞ்சு வைத்து அடைத்திருக்கலாம். மெத்தைக்காரர்கள் வீட்டுக் கதைதானே, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோட்டு ஒன்று இருந்தது, அதில் சந்தேகமில்லை. அந்தக் கோட்டுக்குத்தான் காப்பி வந்தது.

மாமியாருக்கு ஊரில் மெத்தையம்மா என்று பெயர். வாடகைக்குப் பிடித்த ஒரு பழைய கொட்டகையில் அவளும் புருஷனும் பஞ்சு அடைத்துத் தொடங்கிய தொழில் அது. புருஷன் போன பிறகும் தொழில் வளர்ந்தது. ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் இப்போது அவள் மெத்தைதான். "ஊர்ல பாதிப் பேர் நிம்மதியாத் தூங்குறது எங்க அத்தை புண்ணியத்துல" என்று மாப்பிள்ளை சொல்லிக்கொண்டு திரிவார். அவர் தூங்குவதும் அந்தப் புண்ணியத்தில்தான். சொந்தமாக ஒரு வேலையிலும் அவர் நிலைத்ததில்லை.

மெத்தையம்மா கறுப்பினத்துக்காரி. மாப்பிள்ளை வெள்ளை இனம். பக்கத்துத் தெருவில் வளர்ந்து, மகளைக் காதலித்து, வீட்டோடு வந்து சேர்ந்தவர். வீட்டுக்குள் நிறம் ஒரு பேச்சாகவே இருந்ததில்லை. வாசலைத் தாண்டினால் மட்டும் அது அவர்களுக்கு முன்னால் நடந்து போகும்.

மெத்தையம்மா பணம் போட்டிருந்த பேங்கில் இரண்டு தளம். கீழே கவுண்டர், வரிசை, இருமல். மேலே கம்பளம், சோபா, காப்பி. பெரிய பணக்காரர்களை மட்டும்தான் பேங்கே அழைத்து மேலே ஏற்றும். அவளையும் அப்படி அழைத்துத் தங்க நிறத்தில் ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். அட்டை வந்த அன்று புருஷன் அதைக் கொட்டகையில் வேலை செய்கிற ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அது நடந்து பல வருஷம்.

மேல்தளத்தில் ஒரு பழக்கம் உண்டு. அங்கே அடிக்கடி வருகிறவரை அதிகாரி அடையாளம் கண்டுகொண்டதும், கம்ப்யூட்டரில் 'முகம் தெரிந்தவர்' என்று பதிந்துவிடுவார். அதற்குப் பிறகு எவ்வளவு பெரிய தொகைக்கும் கையெழுத்து ஒன்றே போதும். பதியாதவர் என்றால் விசாரித்துவிட்டு மறுநாள்தான் அனுப்புவார்கள். மெத்தையம்மா முகத்தை இத்தனை வருஷத்தில் ஒருவரும் பதியவில்லை. ஒவ்வொரு தடவையும் "புதுசா சேர்ந்திருக்கீங்களாம்மா?" என்று கேட்பார்கள். துணைக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்து, காப்பி குடித்துவிட்டுப் போன மாப்பிள்ளையின் முகம் இரண்டாவது தடவையே பதிவாகிவிட்டது. இது அப்போது இருவருக்கும் தெரியாது.

அன்றைக்கு விஷயம் அவசரம். கொட்டகையின் சொந்தக்காரர் அதை விற்கப் போகிறார். கார் நிறுத்த இடம் தேடிய ஒருவன் பணத்தோடு அவர் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தான். "சாயங்காலம் பேங்க் மூடுறதுக்குள்ள உங்க பணம் வந்தா உங்களுக்கு, இல்லன்னா அவருக்கு" என்று சொல்லிவிட்டார். கொட்டகைத் தரையில் சிமென்ட் போட்டு இறுக்கிய தையல் மெஷின் ஒன்று இருந்தது, புருஷன் முதன்முதலில் வாங்கியது. அதைப் பெயர்த்தால் உடைந்துவிடும் என்று மெக்கானிக் ஏற்கெனவே கையை விரித்திருந்தான்.

கொட்டகையிலிருந்து நேராகக் கிளம்பியதால் அவள் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. மாடிப்படியில் காவலாளி கையை நீட்டி மறித்தான்.

"சுத்தம் பண்ற ஆளுங்க பின்பக்கமா வரணும்மா."

அவள் தங்க அட்டையைக் காட்டினாள். அவன் அட்டையைப் பார்த்தான், பின்னால் நின்ற மாப்பிள்ளையின் கோட்டைப் பார்த்தான்.

"ஓ, சாரோட வந்தீங்களா. போங்க, போங்க."

மேலே டை கட்டிய இளம் அதிகாரி எழுந்தே வந்துவிட்டார், மாப்பிள்ளையை நோக்கி.

"வாங்க சார். ரொம்ப நாளா ஆளையே காணோமே. காப்பி வழக்கம்போல சர்க்கரை கம்மியா?"

"இன்னிக்குக் கொஞ்சம் தூக்கலாவே போடுங்க" என்றார் மாப்பிள்ளை, சோபாவில் சாய்ந்தபடி.

மெத்தையம்மா ஓரத்தில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் சோபாவை விரலால் அமுக்கிப் பார்த்தாள். உள்ளே மட்டமான ஸ்பாஞ்சு. பிறகு யாருக்கு எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று சொன்னாள். அதிகாரி தொகையைக் கேட்டதும் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"சாருக்குச் சம்மதம்தானே?"

"பணம் என்னுது" என்றாள் அவள்.

"கண்டிப்பாம்மா. ஆனா நீங்க இங்க 'முகம் தெரிஞ்சவர்'னு பதிவாகல. தொகையும் பெருசு. விசாரிச்சுட்டு நாளைக்குக் காலையில அனுப்பிடறோம்."

அவள் அடையாள அட்டையை நீட்டினாள். அவர் அதை முன்னும் பின்னும் திருப்பினார். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஆளுங்க எல்லாம் எங்க கண்ணுக்குக் கொஞ்சம் ஒரே மாதிரி தெரியுறாங்க. போட்டோல வேற இளைச்சிருக்கீங்க."

"அப்போ சாப்பாட்டுக்குக் கஷ்டம். இளைச்சுதான் இருந்தேன்."

அதிகாரி சங்கடமாகச் சிரித்தார். பிறகு அவருக்கே ஒரு வழி தோன்றிவிட்டது. "சார் முகம் தெரிஞ்சவர். 'இவங்களை எனக்குத் தெரியும்'னு சார் ஒரு வார்த்தை சொல்லிட்டா இப்பவே அனுப்பிடலாம்."

மாப்பிள்ளையின் காப்பிக் கோப்பை பாதி வழியில் நின்றது. மெத்தையம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல்கள். ஒரு வார்த்தைதான். சொல்கிறவரும் அந்நியர் இல்லை, வீட்டுப் பிள்ளை. இதுவரை எத்தனையோ விழுங்கியாயிற்று, இதுவும் தொண்டையில் இறங்கிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். இறங்கும் போலத்தான் இருந்தது.

"சொல்லிடுங்க மாப்பிள்ளை" என்றாள், தலை நிமிராமல்.

மாப்பிள்ளை கோப்பையைக் கீழே வைத்தார். "தம்பி, என் பேர் என்ன?"

அதிகாரி திரையைப் பார்த்தார். "சார்... இங்க சார்னுதான்..."

"உங்க பேங்க்ல எனக்குக் கணக்கே கிடையாது. இந்தக் கோட்டு அத்தை வாங்கிக் குடுத்தது. பர்ஸைத் திறந்து காட்டவா? வெட்கக்கேடா இருக்கும். நான் இவங்களைத் தெரியும்னு சொல்றதா? என்னைத் தெரியும்னு அவங்க சொன்னாத்தான் எனக்குச் சோறு."

அதிகாரியின் முகம் சுண்டிப்போனது. விசைப்பலகையில் எதையோ தட்டி அழித்தார். "அப்போ உங்க வார்த்தையும் செல்லாது சார். நாளைக்குத்தான்."

மெத்தையம்மா மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். "ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருக்கக்கூடாதா?"

"நீங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னீங்களா, தாங்கல அத்தை."

"தாங்கலையாம். கொட்டகை போச்சுன்னா மெஷினை உங்க தலைமேல வெச்சா தைக்கிறது?"

அவள் கண்ணாடித் தடுப்பு வழியாகக் கீழே பார்த்தாள். ஜலதோஷம் பிடித்த கவுண்டர்ப் பெண் ஒருத்தி மூக்கைத் துடைப்பதும் முத்திரை குத்துவதுமாக இருந்தாள். வரிசையில் எல்லா நிறமும் இருந்தது.

"கீழ பணம் அனுப்ப என்ன காட்டணும்?" என்று கேட்டாள்.

"கீழயா? அடையாள அட்டை, கையெழுத்து, அவ்வளவுதான். ஆனா மேல்தளக் கணக்கைக் கீழ தொட முடியாதும்மா."

"எனக்கு மேல்தளமே வேணாம்னா?"

"அதுக்குக் கையெழுத்து போட்டாப் போதும். உடனே மாத்திடலாம்."

"முகம்?"

"அதுக்கெல்லாம் முகம் தேவையில்லை" என்றார் அதிகாரி. சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. ஆனாலும் பேனாவை எடுத்து நீட்டினார்.

இந்தப் பேங்கில் அவளுடைய பணத்தை அனுப்ப அவள் யாரென்று தெரிய வேண்டும். அவளைக் கீழே இறக்க யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. அவள் கையெழுத்துப் போட்டாள். தங்க அட்டையை மேஜையில் வைத்தவளுக்கு, விரலை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதைத் தொட்டுப் பார்த்த கைகளில் பாதி இப்போது உயிரோடு இல்லை.

"எழுந்திருங்க மாப்பிள்ளை. காப்பியைக் குடிச்சுட்டே வாங்க. அதுவும் நம்ம காசுதான்."

கீழே வரிசை நீளம். அவள் கவுண்டருக்கு வந்தபோது காவலாளி வாசல் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தான். ஜலதோஷப் பெண் அட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், கையெழுத்தைப் பார்த்தாள், பக்கத்து மேஜையில் ஒரு கையெழுத்து வாங்கினாள். நல்லவளா கெட்டவளா என்று சொல்ல முடியாது. வீட்டுக்குப் போகிற அவசரம் அவளுக்கு.

"தலையில ஏதோ ஒட்டியிருக்கு" என்றாள் கடைசியில்.

"பஞ்சு" என்றாள் மெத்தையம்மா.

"போயிருச்சு."

"பஞ்சா?"

"பணம். அடுத்தவங்க வாங்க."

வெளியே வருவதற்குள் கொட்டகைக்காரர் போனில் கூப்பிட்டு, கார்க்காரனை அனுப்பிவிட்டதாகச் சொன்னார். திரும்பும் வழியில், வீட்டுத் தெரு முனையில் அவள் "கோட்டுல காப்பி சிந்தியிருக்கு பாருங்க" என்றாள். கறை இருந்ததால்தான் அது பழுப்பாகத் தெரிந்தது என்பது மாப்பிள்ளையின் வாதம்.

கொட்டகை இப்போது மெத்தையம்மாவுக்குச் சொந்தம். மெஷின் அதே இடத்தில் ஓடுகிறது. இளம் அதிகாரி பதவி உயர்வில் பெரிய கிளைக்குப் போய்விட்டார். பேங்க் அவளை மறுபடி மேல்தளத்துக்கு அழைத்தது. அவள் போகவில்லை. எதிர்ச்சாரியில் இருக்கும் வேறு பேங்குக்குக் கணக்கை மாற்றிக்கொண்டாள். அங்கேயும் ஒரு மேல்தளம் இருக்கிறது, அங்கேயும் இன்னும் அவள் முகம் பதிவாகவில்லை. ஜலதோஷப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. மாப்பிள்ளை மெத்தைக் கடையில் விற்பனைக்கு உட்கார்ந்து, பேசிப் பேசியே விற்கிறார். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. குழந்தையின் நிறம் அம்மா அப்பா இருவருக்கும் நடுவில் வந்திருக்கிறது. கோட்டைப் பழைய துணியோடு போட்டுவிட்டார்கள்.