கோட்டுக்கு அப்பால் பெலாயோ

வரவேற்கிற ஆலாத்தித் தட்டை முகத்துக்கு நேரே சுற்றினால், தின்னத்தான் தருகிறார்கள் என்று நினைத்து அந்த மனுசன் வாழைப்பழத் துண்டை எரிகிற திரியோடு வாயில் போட்டுவிடுவான். போடட்டும். கோல் வாசலில் எதைக் கண்டாலும் விடாதவன்தானே.

துஷாந்தினி சிரிப்பை அடக்கிக்கொண்டு மண்டப வாசலில் நின்றாள். தட்டின் மறுபக்கத்தைப் பொருளாளரின் மனைவி கஜந்தினி பிடித்திருந்தாள். ஊர்ச் சங்கத்தின் உதைபந்தாட்டப் பரிசளிப்பு விழா. பிரதம விருந்தினர் பெலாயோ இரிகொச்செயா, ஸ்பெயினின் முன்னாள் முன்கள வீரர். ஏதோ விளம்பரத்துக்கு மொன்றியல் வந்தவரைச் சங்கத் தலைவர் உருத்திரமூர்த்தி, துஷாந்தினியின் கணவர், எப்படியோ மடக்கிவிட்டார்.

பெலாயோ வேகமாக ஓடியதை யாரும் கண்டதில்லை. அழகாக உதைத்ததும் இல்லை. பந்து முழங்காலில் படும், முதுகில் படும். ஓர் இறுதியாட்டத்தில் அவன் குண்டியில் பட்டு உள்ளே போனது. ஒரு நாடே எழுந்து ஆடியது. மற்ற நேரமெல்லாம் ஓஃப்சைட். எதிரணியின் கடைசிக் காவலரின் கோட்டுக்கு அப்பால், நிற்கக்கூடாத இடத்தில் நிற்பான், கொடி உயரும், ஒரு சிரிப்பு, மறுபடியும் அதே இடம். ஓய்வுபெற்றுப் பதினைந்து வருடமாகிறது. அவன் ஆடியதைக் கண்டேயிராத பிள்ளைகள் இன்றும் எங்கள் ஆட்கள் வாழும் பார்க் எக்ஸ்டென்ஷன் தெருக்களில் அவனுடைய சட்டையோடு திரிகிறார்கள். அவனைவிடத் திறமாக ஆடியவர்களின் பெயர் அவர்களைப் பெற்றவர்களுக்கே மறந்திருக்கும்.

ஏனென்று துஷாந்தினிக்குத் தெரியும். கோட்டுக்கு அப்பால் வெட்கமில்லாமல் நிற்கிற ஒருவனைப் பார்க்க, கோட்டுக்குள்ளேயே காலம் தள்ளுகிறவர்களுக்கு ஆசை. அவளைப் போல. அவனுக்காகவே கல்லூரியில் ஸ்பானிஷ் படித்தவள் அவள். கணவர் கேட்டபோது வரவேற்புரையை இதையெல்லாம் வைத்து அந்த மொழியிலேயே எழுதியிருந்தாள். எழுதும்போது, அவன் கேட்டுச் சிரிப்பதைப் பல தடவை கண்ணுக்குள் பார்த்துவிட்டாள்.

உருத்திரமூர்த்தி வரவேற்புரைத் தாளும் கையுமாக ஓடிவந்தார்.

"துஷா, இதை ஒருக்கா வாசிச்சுக் காட்டும். நான் பின்னாலை சொல்லிப் பாக்கிறன்."

"ஏன்? நான்தானே வாசிக்கிறது?"

"விசரே உமக்கு? தலைவர் நானிருக்க? நீர் ஆலாத்தி எடுத்திட்டுப் போய் முன்வரிசையிலை வடிவா இரும்."

"அண்ணை, அக்காதானே எழுதினவ..." என்று கஜந்தினி இழுத்தாள்.

"எழுதினது அவ, பேசிறது சங்கம். கெதியா, துஷா! அவன்ர பேரே வாய்க்குள்ளை நுழையுதில்லை. இப்பிடியும் ஒரு பேர் வைப்பாங்களே?" என்றார், வேலையிடத்தில் இருபது வருடமாக 'றூடி' என்றே அழைக்கப்படும் உருத்திரமூர்த்தி.

வெளியே கார்க் கதவு திறந்தது.

"ஐயோ அக்கா, வாறார்! என்ன தொப்பையப்பா!" என்றாள் கஜந்தினி.

தொப்பைதான். ஆனால் அதே சிரிப்பு. வழிகாட்ட வந்தவர்களை விட்டுவிட்டு, வரக்கூடாத பக்கமாகப் புல்லை மிதித்துக்கொண்டு வந்தான்.

"முதல் வரியை மட்டுமாவது சொல்லித் தாருமன்!" என்றார் உருத்திரமூர்த்தி.

துஷாந்தினி தட்டின் தன் பக்கத்தை அவர் கையில் கொடுத்தாள். திரி அணையாமல் பார்த்துத்தான் கொடுத்தாள்.

"மாட்டனப்பா," என்றாள், மெதுவாக.