முழங்கால் அளவு சத்தம்

புதன்கிழமை காலை எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் சத்தம் முழங்கால் அளவுக்கு நின்றது. திங்கட்கிழமை கணுக்கால்தான். செவ்வாய் மாலை கெண்டைக்கால் வரை ஏறியிருந்தது. சுவரில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவைத்தேன். போன நவம்பரில் மழைத்தண்ணீருக்குக் கோடு போட்ட அதே பென்சில்.

அறை நன்றாகக் கட்டப்பட்டிருந்தது. வேறு காரணம் இல்லை.

என் மனைவி தாட்சாயணி முப்பத்தோரு வருடம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். ஊரார் பேச்சுக்கு இணைப்புக் கொடுத்துவிட்டுத் தான் வாய் திறக்காமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கினாள். ஓய்வு பெற்ற மறு வாரம் ஒரு டிரம் செட் வாங்கினாள். எதற்கு என்று தெருவில் யாரும் கேட்கவில்லை, எதிர்வீட்டுப் பராங்குசத்தைத் தவிர.

பராங்குசம் அரசுப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடத்தில் எங்கள் மேல் சத்தக் கட்டுப்பாட்டுத் துறைக்கு நூற்று எண்பத்தாறு புகார் எழுதினார். ஒவ்வொன்றின் நகலையும் இருபதடி தள்ளியிருக்கும் எங்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவார். தேதி, நேரம், எந்த டிரம், எத்தனை அடி என்று எல்லாம் அதில் இருக்கும். நான் முப்பத்துநாலு வருடம் தினசரியில் நிருபர்களின் செய்தியைத் திருத்தியவன். இவ்வளவு துல்லியமாக எழுதிய நிருபரை அங்கே பார்த்ததில்லை. துறையிலிருந்துதான் பதில் இல்லை. துறை யோசித்துக்கொண்டிருந்தது.

நூற்று எண்பத்தாறாவது நகலில் கையெழுத்துப் போட்டு வாங்கியதும், பேஸ்மென்ட்டைச் சத்தம் போகாத அறையாக மாற்றிவிடுவது என்று முடிவு செய்தோம். குலோத்துங்கன் என்ற ஒப்பந்தக்காரர் வந்தார். தரைக்கு ரப்பர், சுவருக்கு ராக்வுல் பஞ்சு, அதன் மேல் இரட்டை ஜிப்சம் பலகை, வாசலுக்கு இரண்டு கதவு, கதவு விளிம்பெல்லாம் ரப்பர் பட்டை. நான் அவரிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னேன்: ஒரு சொட்டுச் சத்தம் வெளியே போகக் கூடாது.

புதன்கிழமை அவரை அழைத்துக் காட்டினேன். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, அறை நடுவில் நின்று, திருப்தியாகத் தலையாட்டினார்.

"சொன்னீங்கள்ல சார், ஒரு சொட்டு போகக் கூடாதுன்னு. போகல."

"தேங்கிடுச்சே."

"தேங்கக் கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்லையே சார்."

உண்மைதான். சொல்லவில்லை.

சத்தம் தண்ணீரைப் போல்தான் நடந்துகொண்டது. ஆனால் தண்ணீரைவிட ஒழுங்கு அதிகம். பாஸ் டிரம்மின் சத்தம் கனமென்பதால் அடியில் படிந்தது. அதற்கு மேல் நடுத்தர டிரம்மான டாம். அதற்கு மேல் சின்ன டிரம்மான ஸ்நேர். சிம்பல் சத்தம் பாலாடை மாதிரி எல்லாவற்றுக்கும் மேலே மிதந்தது. நிமிர்ந்து நின்றால் ஒன்றும் கேட்காது. குனிந்து காதை முழங்காலுக்குக் கொண்டுபோனால் திங்கட்கிழமை வாசித்ததெல்லாம் கேட்கும்.

தாட்சாயணிக்கு இது தொந்தரவாக இல்லை, ஒலிப்பதிவு தொடங்கும்வரை. கோவையில் பூங்கோதை என்ற பெண் தன் முதல் பாட்டுத் தொகுப்பைத் தயார் செய்துகொண்டிருந்தாள். அதில் ஒரு பாட்டுக்கு, நாலு நிமிடம் பத்து வினாடிக்கு, தாட்சாயணியின் டிரம் கேட்டிருந்தாள். அறுபத்தோரு வயதில் முதல் பாட்டு. தாட்சாயணி பேத்தி பிறந்த செய்தியைக்கூட எனக்கு அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை. ஆனால் பாஸ் டிரம்முக்கு வைத்த மைக் தரையோடு ஒட்டியிருந்தது. அது முழுகிவிட்டது. பதிவை அனுப்பிய அரை மணியில் பூங்கோதை அழைத்தாள்.

"ஆன்ட்டி, பன்னெண்டு பேரு சேர்ந்து வாசிக்கிற மாதிரி இருக்குதுங்க."

"நான் ஒருத்திதாம்மா. மீதி பழசு."

"சனிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள சுத்தமா ஒண்ணு அனுப்பிடுங்க ஆன்ட்டி. இல்லைன்னா மெஷின்ல போட்டுக்கறோமுங்க. தப்பா நினைச்சுக்காதீங்க."

தாட்சாயணி தப்பாக நினைக்கவில்லை. போனை வைத்துவிட்டு, குளியலறையிலிருந்து வாளியை எடுத்து வந்தாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணி வரை மொண்டு மொண்டு தெருவில் ஊற்றினோம். நாய்கள் எழுந்து போயின. கீரை விற்கும் பெண்மணி எங்கள் வாசல் சரிவில் வண்டியை நிறுத்திக்கொண்டாள். கூவுகிற வேலை மிச்சம் என்றாள். பதினோரு மணிக்குக் குடியிருப்போர் சங்கத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. மழைநீர் வடிகால் மழைநீருக்கு மட்டுமே என்று நினைவூட்டியிருந்தார்கள். அந்த வடிகாலில் அதுவரை மழைநீர் ஒருமுறையும் போனதில்லை. அதனால்தான் அவ்வளவு அக்கறை.

கழிவுநீர் லாரிக்காரர் ஏகாம்பரத்தை அழைத்தேன். அவர் வந்து, குழாயைக் கீழே இறக்குமுன் குனிந்து கேட்டார்.

"வூட்டு சத்தமா, கம்பெனி சத்தமா சார்?"

"வீட்டு சத்தம்."

"நேத்து ஒரு கல்யாண மண்டபம் இட்டாந்தேன். இன்னும் வண்டியில வாசம் போவல. இது நல்லாக்கீது. யாரு வாசிச்சது?"

"நான்தான்" என்றாள் தாட்சாயணி.

"கை சுத்தமாக்கீதுக்கா."

இந்த இடத்தில் நான் மறுபடியும் அதே தவறைச் செய்தேன். ஒரு சொட்டு மிச்சம் இருக்கக் கூடாது என்று ஏகாம்பரத்திடம் சொன்னேன். நான் சொல்வதை அப்படியே செய்கிறவர்கள் எனக்கு வாழ்நாளில் இரண்டு பேர்தான் கிடைத்தார்கள். இரண்டு பேரும் அதே வாரத்தில் கிடைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை தாட்சாயணி ஸ்நேரை அடித்தாள். சத்தம் வரவில்லை. பாஸ் டிரம்மின் பெடலை மிதித்தாள். அதுவும் வரவில்லை. சிம்பல் தகடு ஆடியது; அவ்வளவுதான். தேங்கிய சத்தமும் போய், டிரம்முக்கென்று இருந்த சத்தமும் அதோடு போயிருந்தது. ஏகாம்பரத்தை போனில் பிடித்தேன்.

"அடி வரைக்கும் உறிஞ்சிட்டேன் சார். கெணறு மாரிதான். ஊறும். மழைக்குள்ள ஊறிடும்."

"நாளைக்கு வேணுமே. எங்கே கொட்டினீங்க?"

"கொட்டவே இல்ல சார். உங்க வாசல்லயே மறிச்சிட்டாங்க."

எங்கள் பக்கத்தில் லாரியை வழியில் மறித்து, தன் வீட்டுத் தொட்டியில் இறக்கிக்கொள்வது வழக்கம்தான். கோடையில் தண்ணீர் லாரியை யார் அழைத்தார்கள் என்பதைவிட யார் குறுக்கே நின்றார்கள் என்பதே முக்கியம். இந்த முறை குறுக்கே நின்றவர் பராங்குசம். எங்கள் சத்தம் முழுவதும் அவர் வீட்டு கார் ஷெட்டுக்கு அடியில் இருக்கும் சம்ப்பில் இருந்தது.

நாங்கள் போனபோது சம்ப் மூடியின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார். வாங்க மேடம். காபி சாப்பிடறீங்களா?"

"சத்தத்தைத் திருப்பிக் கொடுங்க" என்றாள் தாட்சாயணி.

"திங்கட்கிழமை வரைக்கும் முடியாது மேடம்." மடியிலிருந்த கோப்பைத் திறந்து காட்டினார். துறை யோசித்து முடித்திருந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய முதல் புகார் குறித்துத் திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஆய்வாளர் நேரில் வருவதாகவும், புகார்தாரர் சம்பந்தப்பட்ட சத்தத்தை ஆய்வுக்குத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது.

"நீங்க பாட்டுக்கு ரூம் கட்டிட்டீங்க. அவர் வந்து நின்னா நான் எதைக் காட்டறது? நூத்தி எண்பத்தாறும் பொய்ன்னு எழுதிட்டுப் போயிடுவார். நாப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு பொய் கணக்கு எழுதினவன் இல்ல மேடம் நான்."

அதிலும் தவறில்லை. அவர் ஒரு அடியைக்கூடக் கூட்டி எழுதியதில்லை.

தாட்சாயணி குனிந்து மூடியைத் தட்டினாள்.

"எவ்வளவு இருக்கு?"

பராங்குசம் எழுந்து அளவுகோலை இறக்கிப் பார்த்தார். "நாலடி மூணு அங்குலம்."

"எனக்கு நாலு நிமிஷம் பத்து செகண்டுக்கு வேணும். ஒரு தடவைக்கு ஒரு அடி போகும். மீதி உங்க ஆய்வாளருக்கு."

"வெளியே எடுத்துட்டுப் போகக் கூடாது. சாட்சிப் பொருள்."

"எடுத்துட்டுப் போகல. இங்கயே வாசிக்கிறேன்."

அவர் யோசித்தார். துறையைவிட வேகமாக யோசித்தார். "ஆனா நான் புகார் எழுதுவேன்" என்றார்.

"எழுதுங்க. யார் வேணாம்னாங்க?"

சனிக்கிழமை காலை டிரம் செட்டை இருபதடி தூக்கிப் போய் அவர் கார் ஷெட்டில் அடுக்கினோம். சம்ப் மூடியைத் திறந்துவைத்தோம். தாட்சாயணி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். முப்பத்தோரு வருடம் நூறு இணைப்புகளுக்கு நடுவில் வேண்டிய ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுத்தவள். எந்த அடிக்கு எந்தச் சத்தம் என்று அவளுக்குத் தெரியும். குச்சி ஸ்நேரைத் தொட்டதும் சம்ப்பிலிருந்து அதற்குரிய சத்தம் மேலே வந்து குச்சியின் நுனியில் நின்றது. பராங்குசம் நாற்காலியில் உட்கார்ந்து நூற்று எண்பத்தேழாவது புகாரை எழுதத் தொடங்கினார். ராக்வுல் இல்லை, ஜிப்சம் இல்லை. தெருவே கேட்டது. கீரைக்காரி வண்டியைத் தள்ளிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

முதல் தடவை நடுவில் குச்சி நழுவியது. இரண்டாம் தடவை முழுதாக வந்தது. தாட்சாயணி ஹெட்போனைக் கழற்றினாள்.

"போதும். அனுப்பிடலாம்."

"மேடம்" என்றார் பராங்குசம், எழுதுவதை நிறுத்தாமல். "ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி அவசரப்பட்டுட்டீங்க."

"எங்கே?"

"டாம்ல இறங்கி வருவீங்க இல்ல, அங்க. போன வருஷம் ஆடி மாசம் வாசிச்சீங்களே, அது சரியா இருந்துது. புகார் எண் நூத்திப் பதினாலு. பாருங்க." கோப்பைப் புரட்டி நீட்டினார். ஏழு அடி, சம இடைவெளி, கடைசி அடி சற்றுத் தாமதம் என்று எழுதியிருந்தது. கடைசி வரிக்குக் கீழே, காரணம் இல்லாமல், கோடு போட்டிருந்தார்.

தாட்சாயணி வாங்கிப் படித்தாள். பிறகு சம்ப்பை எட்டிப் பார்த்தாள். "இந்த ரெண்டு தடவையில அவசரத்துல நிறைய எடுத்துட்டேன் சார். அடியில ஒரு தடவைக்குத்தான் இருக்கு."

"தெரியும். அளந்து பார்த்தேன்."

"அப்புறம் திங்கட்கிழமைக்கு?"

"நீங்க எடுங்க மேடம்."

மூன்றாம் தடவை எடுத்தாள். ஏழாவது அடி சற்றுத் தாமதமாக வந்தது. பராங்குசம் பேனாவை மூடினார். முடிந்ததும் சம்ப்பில் கல்லைப் போட்டுப் பார்த்தேன். விழுந்த சத்தம்கூட வரவில்லை. நாலு மணிக்குப் பதிவை அனுப்பினோம். ஐந்து மணிக்குப் பூங்கோதை அழைத்தாள்.

"ஆன்ட்டி, சூப்பருங்க. அந்த டாம் இறங்குற எடம், எப்படிங்க அது?"

"நூத்திப் பதினாலு" என்றாள் தாட்சாயணி.

ஆய்வாளர் மூன்று வருடம் தாமதமாகவும் பத்து நிமிடம் முன்னதாகவும் வந்தார். சம்ப்பில் அளவுகோலை இறக்கினார். சத்தம் இல்லை என்று எழுதினார். நூற்று எண்பத்தாறு புகாரும் ஆதாரமற்றவை என்று முடித்து, பராங்குசத்திடம் கையெழுத்து வாங்கினார். பராங்குசம் இரண்டு முறை படித்துவிட்டு ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். நூற்று எண்பத்தேழை ஆய்வாளர் வாங்க மறுத்தார். அது அடுத்த ஆய்வுக்காம்.

விதிப்படி எங்கள் பேஸ்மென்ட்டையும் பார்க்க வேண்டும் என்றார். இரண்டு கதவையும் திறந்து இறங்கியவர் மூன்றாவது படியில் நின்றார். வெள்ளிக்கிழமையிலிருந்து அந்த அறையில் யாரும் வாசிக்கவில்லை. அமைதி இடுப்பளவு தேங்கியிருந்தது.

"இதை மழைக்கு முன்னாடி எடுத்துடணும் சார். கொசு வரும்" என்றார்.

ஏகாம்பரம் அன்று மாலையே வந்தார். குழாயை இறக்கிக் கொஞ்சம் உறிஞ்சிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அமைதியா? கனம் ஜாஸ்தி சார். ரெண்டு நடை ஆவும்."

இந்த முறை நான் எதுவும் சொல்லவில்லை.

முதல் நடை தெருமுனையைத் தாண்டவில்லை. பராங்குசம் குறுக்கே நின்று, லாரியைத் தன் கேட்டுக்குள் திருப்பினார். நூற்று எண்பத்தெட்டாவது புகாரின் நகல் புதன்கிழமை பதிவுத் தபாலில் வந்தது. எதிர்வீட்டில் மூன்று நாளாக அளவுக்கு மீறிய அமைதி நிலவுவதாகவும், ஆய்வாளர் எப்போது வந்தாலும் காட்டுவதற்கு மாதிரி தயாராக இருப்பதாகவும் எழுதியிருந்தார்.

இரண்டாவது நடைக்கு முன் தாட்சாயணி ஒரு குடம் அமைதி மட்டும் மொண்டு எடுத்துவைத்துக்கொண்டாள். அடுத்த பாட்டில் ஏழாவது அடிக்கு முன்னால் கொஞ்சம் வேண்டுமாம். குடம் சமையலறையில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேலே தட்டுப் போட்டு மூடியிருக்கிறோம். இல்லாவிட்டால் குக்கர் விசில் கேட்பதில்லை.