சாரலடிக்கும் மேற்குச் சுவர்

நிர்மலாதேவிக்குத் தென்காசியில் நல்ல பெயர். கட்டிடங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவதும், வெளிநாட்டில் இருக்கிறவர்களின் கடைக் கட்டிடங்களை நிர்வாகம் செய்வதும் அவள் தொழில். பதினைந்து வருடத்தில் அவள் போட்ட கையெழுத்து ஒன்றுகூட சந்தி சிரித்ததில்லை. அந்த நல்ல பெயர்தான் ஒருநாள் அவளுக்கு வினையாக வந்து சேர்ந்தது.

'அந்தம்மா ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆளு' என்று ஊர் சொல்லும். அதுதான் அந்த நல்ல பெயர். இந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. கட்டிடத்தைக் கொடுக்கிறவரும் எடுக்கிறவரும் ஆளுக்கு ஒருவரை வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஒருவரையே பிடித்து, நீங்களே பார்த்து எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று தலையில் கட்டிவிடுவார்கள். நிர்மலாதேவிக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். இல்லையென்று சொன்னால் அது பச்சைப் பொய்.

அவள் பார்த்துக்கொள்ளும் கட்டிடங்களிலேயே பெரியது குற்றாலம் மெயின் ரோட்டில் இருக்கும் இத்ரீஸ் பாயின் கட்டிடம். பாய் சவுதியில் உள்ள தம்மாமில் இருபது வருடமாக இருக்கிறார். கீழே ஆறு கடைகள், மாடியில் ஒரு பெரிய ஹால். சித்திரை மாதம் அந்த ஹாலை வாடகைக்குப் பார்க்க வந்தாள் ஹுஸ்னா. கடையநல்லூரில் துண்டு, பெட்ஷீட் மொத்த வியாபாரம் செய்கிறவள். அருவியில் குளிக்க வருகிற கூட்டத்துக்குத் துண்டு விற்றால் போதாதா, சீசன் முடிவதற்குள் நிமிர்ந்துவிடலாம் என்பது அவள் கணக்கு. புதிதாகப் பெயிண்ட் அடித்த ஹால் பளபளவென்று இருந்தது.

"இந்த மேற்குச் சுவரு நெடுக ரேக் போட்டு சரக்க அடுக்கிருவேன்க்கா" என்றாள் ஹுஸ்னா. கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம். "கட்டிடம் எப்படி இருக்குன்னு எனக்கும் ஒரு ரிப்போர்ட் வேணும். அதுக்கு வேற ஆளத் தேடிக்கிட்டு? நீங்களே எழுதிக் குடுத்துருங்க." அட்வான்ஸ் என்று ஒரு கவரையும் கையில் திணித்தாள். நிர்மலாதேவி வழக்கம்போல வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஹாலில் நின்று, ஈரம் பார்க்கும் மீட்டரைச் சுவரில் வைத்தாள். சுத்தமாகக் காய்ந்திருந்தது. சித்திரை வெயிலில் வேறு எப்படி இருக்கும்? 'சுவர்களில் ஈரம் இல்லை' என்று எழுதினாள். எழுதிய கை அப்படியே நின்றுவிட்டது.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. ஆனால் ஆனி பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய்க் காற்று சாரலைத் தூக்கிக்கொண்டு வந்து இதே சுவரில்தான் அறையும். சாரல் மேலிருந்து விழுகிற மழையல்ல, பக்கவாட்டில் வந்து அடிப்பது. ஆவணிவரை சுவர் ஊறிக்கொண்டே இருக்கும். நாலு வருடமாக அதைப் படம் எடுத்துப் பாய்க்கு அனுப்புவது அவள்தான். சித்திரையில் பெயிண்ட் அடித்துக் கறையை மறைக்கிறவளும் அவளேதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை இத்தனை நாள் ஏசிவிட்டு, தானே இலை போட்டு உட்கார்ந்திருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

வீட்டில் அவள் கணவன் சுடலைமுத்து, போலீசில் ஏட்டு. விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான். "புகார் குடுத்தவனுக்கும் நீயே எழுதி, எதிராளிக்கும் நீயே எழுதுவியா? நாங்க செஞ்சா சும்மா விடுவியளா?" அவளுக்குக் கோபம் வந்தது. சொன்னது நியாயம் என்பதால் கூடுதலாகவே வந்தது.

பாய்க்குப் போன் போட்டாள்.

"பாய், மேற்குச் சுவருக்கு வெளிப்பக்கம் தகரம் அடிச்சுத் தாங்க. இல்லன்னா அந்தச் சுவரு நனையும்னு அந்தப் பிள்ளைகிட்ட சொல்ல எனக்கு அனுமதி குடுங்க."

"அதெல்லாம் வேண்டாம். கேக்காம நீயா எதுக்கும்மா சொல்லுத?"

"கேட்டுட்டாங்களே. என்கிட்டயே ரிப்போர்ட் கேட்டிருக்காங்க."

"அப்ப நீ யாரு ஆளு? என் ஆளா, அவ ஆளா?"

"உங்க ஆளுதான். அதனால அவங்களுக்கு எழுதிக் குடுக்கப் போறதில்ல. வாங்குன கவரயும் திருப்பிக் குடுக்கப் போறேன்."

பாய்க்கு மூக்குக்கு மேல் கோபம். "காரியத்தக் கெடுத்துட்டியேம்மா! லீவுல வாரேன். வந்து கட்டிடத்தப் பாக்க வேற ஆளப் போட்டுக்கிடுதேன். சாவிய எடுத்து வை."

"சரி பாய்" என்றாள். வேறென்ன சொல்வது? அவள் ஆபீசின் பாதி வருமானம் அந்தக் கட்டிடம்தான். ஆனாலும் பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுகிற விலாங்கு வேலை இனி இல்லை என்று நினைத்தபோது மனசு லேசாக இருந்தது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

ஹுஸ்னாவிடம் கவரை நீட்டியபோது அவள் முகம் வாடிவிட்டது.

"நான் இத்ரீஸ் பாயோட ஆளும்மா. உங்களுக்காகவும் நானே பாக்கது முறையில்ல. அன்னைக்கே சொல்லியிருக்கணும். தப்பு என்னுதுதான்."

"சுவரெல்லாம் நல்லாத்தானக்கா இருக்கு?"

வாடகை ஒப்பந்தத்தில் ஹுஸ்னா கையெழுத்துப் போட மூன்று நாள்தான் இருந்தது. பாயின் ரகசியத்தைச் சொல்லவும் அவளுக்கு உரிமையில்லை, இந்தப் பிள்ளையின் சரக்கு நனையட்டும் என்று விடவும் மனசில்லை.

"அதச் சொல்ல நான் ஆளில்ல. உங்களுக்குன்னு ஒரு ஆளக் கூட்டிக்கிட்டு, ஆனியில சாரல் விழுந்த பொறவு வந்து பாருங்க."

"ஆனியிலயா? சீசன்ல பாதி போயிருமேக்கா!"

நிர்மலாதேவி கவரை மறுபடி நீட்டினாள். ஹுஸ்னா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு கவரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆனி பிறந்தது. ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறது என்று ஊரே துண்டும் எண்ணெயுமாக ஓடியது. ஹுஸ்னா கையெழுத்துப் போடாததால் ஹால் மட்டும் பூட்டிக் கிடந்தது. அந்த வாரம் பாயும் லீவில் வந்து இறங்கினார். வந்த மறுநாளே, ஹாலுக்குச் சாவியோடு வரச்சொல்லி நிர்மலாதேவிக்குப் போன். போனாள். ஹுஸ்னாவும் அங்கே இருந்தாள், கூடவே அவள் கூட்டி வந்த இன்ஜினியரும்.

இன்ஜினியர் தன் பையிலிருந்த மீட்டரை எடுக்கவே இல்லை. எடுக்கத் தேவையும் இல்லை. மேற்குச் சுவர் வியர்த்து வடிந்துகொண்டிருந்தது. அதில் சாய்ந்து நின்ற பாயின் வெள்ளைச் சட்டை முதுகு முழுக்கத் தொப்பலாக நனைந்துவிட்டது.

"யம்மா, இவ்வளவு நனையும்னு நீ சொல்லவேயில்லையே!"

"நாலு வருசமா போட்டோ அனுப்புதேனே பாய்."

பாய் அசடு வழிந்தார். "அங்கன அம்பது டிகிரி வெயில்லா? அதுல உக்காந்து பாத்தா ஈரச் சுவரு கண்ணுக்குக் குளிர்ச்சியாத்தான் இருந்திச்சி. சீசன் வந்துட்டுன்னு நீ ஆசையா அனுப்புதன்னு நெனச்சேன். ரூம்ல எல்லாருக்கும் காட்டினேன்!"

நிர்மலாதேவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஹுஸ்னாவும் சிரித்துவிட்டாள். நாலு வருடமாக அவள் குறை என்று அனுப்பியதை மனுஷன் ஊர்ப்பாசமாக வாங்கியிருக்கிறார். சிரிப்பு அடங்கியதும் பாய் கையை நீட்டினார். நிர்மலாதேவி சாவிக்கொத்தை அந்தக் கையில் வைத்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பாய் ஹுஸ்னா பக்கம் திரும்பினார். "சரிம்மா, பாத்தாச்சுல்லா? உனக்கு என்ன வேணும், சொல்லு."

"எனக்கு ரெண்டு காரியம் நடக்கணும்" என்றாள் ஹுஸ்னா. "சரக்கு ஏறுததுக்கு முந்தி வெளிப்பக்கம் தகரம் அடிச்சிரணும்."

"அடிச்சிருவோம். இன்னொண்ணு?"

"இந்தக் கட்டிடத்த இந்த அக்காதான் பாத்துக்கிடணும்."

"அவ உனக்கு எழுதித் தரமாட்டேன்னுட்டாளே!"

"எழுதித் தந்திருந்தா நான் சரக்க இந்தச் சுவத்துலதான் அடுக்கியிருப்பேன்" என்றாள் ஹுஸ்னா. "எனக்குன்னு இந்த இன்ஜினியரக் கூட்டிக்கிட்டு வந்தாச்சு. அக்கா உங்க ஆளாவே இருக்கட்டும்."

பாய் நனைந்த முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு சாவிக்கொத்தை நிர்மலாதேவியிடமே நீட்டினார். "பிடிம்மா. மொதல்ல தகரத்துக்கு ஆளக் கூப்பிடு" என்றார்.