எட்டாவது ஆள்

பி தொகுதிக் குடியிருப்பில் வலப்பக்கத்து வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் ஒரு சுற்றுச் சிறுத்துவிடுவார்கள். கீழ்த்தளத்துக்குப் போகிறவர்கள் ஒரு சுற்றுப் பெருத்துவிடுவார்கள். மொத்தம் ஐந்து தளம், தளத்துக்கு ஆறு வீடு. ஆள் சிறுக்கச் சிறுக்கப் பிடி இறுகும், பெருக்கப் பெருக்கப் பிடி தளரும். உச்சித்தளத்து ஐந்தாம் வீட்டில் போய்க் கொஞ்சம் கறிவேப்பிலை கேட்டால், கேட்டவருடைய பையையும் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். தரைத்தளத்து முதல் வீட்டிலோ கேட்பதற்கு முன்பே கையில் திணித்துவிடுவார்கள். ஆறாம் வீடுகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே எட்டுப் பேர் நிறைந்திருப்பதால் கதவைத் திறப்பதில்லை, தபால்காரரும் தட்டுவதில்லை.

மரகதம் மேலிருந்து இரண்டாம் தளத்தில் முதல் வீட்டுக்காரி. முதல் வீட்டில் எப்போதும் மூன்று பேர்தான். அவள், கணவர் பொன்னுரங்கம், மகள் தாமரைச்செல்வி. ஐந்தாம் வீட்டில் எப்போதும் ஏழு பேர் இருப்பார்கள், எட்டாவது ஆளுக்காக வாசலைப் பார்த்தபடியே சாப்பிடுவார்கள். அதனால் முதல் வீட்டுப் பெண்ணை ஐந்தாம் வீட்டுக்குக் கொடுப்பது குடியிருப்பின் வழக்கம். உச்சித்தளத்து ஐந்தாம் வீட்டிலிருந்தும் வந்து கேட்டார்கள்.

"அது தீப்பெட்டி வீடு. இருக்கிற ஏழு பேருக்கே மூச்சு முட்டுது. போற பொண்ணு எங்க உட்காரும்?" என்று சொல்லி அனுப்பிவிட்டாள் மரகதம். தன் தளத்து ஐந்தாம் வீட்டில் சாரதாவின் மகன் பிரபாகரைப் பேசி முடித்தாள். அவள் முடித்தால் முடித்ததுதான்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. மேல்தளங்களில் முதல் வீட்டிலிருந்து ஒருவர் போனால் மூவரும் போயாக வேண்டும், அதுவும் மூன்று வெவ்வேறு வீடுகளுக்கு. அடுத்த தளத்து முதல் வீட்டில் மகளுக்குக் கல்யாணம் ஆன அன்றே அப்பா ஒரு வீட்டுக்கும் அம்மா ஒரு வீட்டுக்கும் போய்விட்டார்கள். இப்போது அவர்கள் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் சௌக்கியமா என்று விசாரித்துக்கொள்கிறார்கள். அந்த விசாரிப்பை மரகதம் ஒருநாள் காதால் கேட்டுவிட்டாள். எதிரில் பொன்னுரங்கம் இல்லாவிட்டால் அவளுக்குக் காபி இறங்காது. இதை அவரிடம் அவள் சொன்னதே இல்லை.

"தரைத்தளத்து முதல் வீட்டுக்குப் போயிடலாங்க. அங்க கூடத்துல நிக்கிறவங்க ஒருத்தர்தான் போவாங்க. உள்ளறையில இருக்கிற ரெண்டு பேர் அப்படியே ஒட்டிக்குவாங்க, கடப்பாரை போட்டு நெம்பினாலும் வரமாட்டாங்க. நீங்களும் நானும் உள்ளறை."

"சட்டையெல்லாம் பத்தாதே?"

"தையலைப் பிரிச்சுத் தரேன், வாங்க."

மூட்டை முடிச்சோடு இறங்கினார்கள். அடுத்த தளத்தில் ஒரு விரற்கடைகூடப் பெருக்கவில்லை. அந்தத் தளம் மட்டும் அப்படித்தான். அதற்குக் கீழே போகப் போக வளையல் இறுகியது, மனசு தளர்ந்தது. வழியிலேயே மரகதம் தன் மிக்ஸியை யாருக்கோ கொடுத்துவிட்டாள். யாருக்கு என்று நினைவில்லை, வருத்தமும் இல்லை.

கல்யாணத்தன்று எல்லாம் அவள் சொன்னபடிதான் நடந்தது, வாசல் மணி அடிக்கும்வரை. செல்வி கூடத்தில் தயாராக நின்றாள். ஆனால் மணி அடித்ததும் பெற்றவளுக்குப் பொறுக்கவில்லை.

"கூப்பிடறதுக்கு முந்தி கல்யாணப் பொண்ணு கூடத்துல நிக்கிறதாவது! பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? உள்ள வாடி, கூட ஒரு முழம் பூ வைக்கிறேன்."

பொன்னுரங்கம் வாழ்நாளில் எந்த மணிக்கும் கதவைத் திறக்காமல் இருந்ததில்லை. மகள் உள்ளே வர, அவர் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார்.

"வாங்க, வாங்க" என்று அவர் குரல் கேட்டது.

மரகதம் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவளும் மகளும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"எட்டு நிறைஞ்சாச்சு" என்று கூடத்தில் சாரதா சொன்னாள். "என் மனசும் நிறைஞ்சுபோச்சு." பிரபாகர் பொன்னுரங்கத்துக்கு மாலை போட்டான். நாதசுரம் படியேறியது. அவர் மறுக்கவில்லை. வந்தவர்களை மறுத்து அவருக்குப் பழக்கமில்லை.

மரகதம் அன்று முழுக்க அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டாள். அவள் அழுது முடித்தால் முடித்ததுதான்.

தாமரைச்செல்விக்கும் முகம் வாடித்தான் இருந்தது. "அப்பா அங்க என்னம்மா பண்ணுவாரு?" என்றாள்.

"பொண்ணைக் கொடுத்த வீட்டுக்குன்னு உரிமை இருக்குடி. கேட்டு வாங்கத் தெரியணும்."

தரைத்தளத்தில் ஒட்டிக்கொண்ட ஜோடி வேறு வீட்டுக்குக் குடிபோகத்தான் முடியாது, படியேறத் தடையில்லை. ஆடி பிறப்பதற்கு முன்னால் தட்டில் பழம், பூ, புது வேட்டி வைத்து, முதுகில் ஒட்டிய மகளோடு மூச்சிரைக்க ஏறிப் போய் சாரதாவின் ஐந்தாம் வீட்டைத் தட்டினாள் மரகதம். எட்டுப் பேர் நிறைந்த வீடு, திறக்கவில்லை. அவள் கதவைப் பார்த்துப் பேசினாள்.

"சம்பந்தி, ஆடி பொறக்குது. புதுசாக் கட்டிக் கொடுத்தவங்க இந்த மாசம் பொறந்த வீட்டுலதான் இருக்கணும். அழைச்சிட்டுப் போக வந்திருக்கேன்."

முறை என்று வந்துவிட்டால் எந்த வீடும் மீற முடியாது. தாழ்ப்பாள் விலகியது. பொன்னுரங்கம் பெட்டியோடு வந்து நின்றார். நன்றாகச் சிறுத்திருந்தார், சட்டை தொளதொளத்தது. அவளைக் கண்டதும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"காபி குடிச்சீங்களா?"

"இந்த வீட்டுல டம்ளரை யாரும் கையை விட்டுக் கொடுக்கிறதில்லை மரகதம். கொடுத்தாலும் இறங்கியிருக்காது."

அவள் பெட்டியை வாங்கிக்கொண்டாள். பிரபாகர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிலைப்படியில் நின்றான்.

"ஆடி முடிஞ்சதும் கொண்டுவந்து விட்டுடுவீங்கல்ல?" என்றாள் சாரதா.

"விடுவேன். ஆனா தலைப்பிரசவம் எங்க வீட்டுலதான், இப்பவே சொல்லிட்டேன்."

"அதுதானே முறை" என்றாள் சாரதா.