தேடினால் வராத ஐகான்

ஆதிரை பதினேழாவது ஃபோல்டரைத் திறந்தாள். உள்ளே இன்னொரு ஃபோல்டர். அதையும் திறந்தாள். உள்ளே மூன்று.

"கிடைச்சதே பிள்ளை?"

மேசையில் கிடந்த கைப்பேசியின் ஸ்பீக்கரிலிருந்து அம்மா சுந்தரேஸ்வரியின் குரல் வந்தது. பின்னணியில் ஏதோ கருவி பீப் பீப் என்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"பாத்துக்கொண்டிருக்கிறன் அம்மா. டொக்டர் என்ன சொல்லுறா?"

"இன்னும் பதினைஞ்சு நிமிசம் பாப்பினமாம். ஊசி போடுறதோ விடுறதோ, பிறகு அவையே முடிவெடுப்பினமாம்."

லேப்டாப் திரையின் மூலையில் மணி 14:52.

அப்பா முருகேசு பகல் பன்னிரண்டு மணிக்குச் சமையலறையில் தண்ணீர்க் குவளையைத் தவறவிட்டார். எடுக்கக் குனிந்தவரின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. வலது கை அவர் சொல் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்து ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்து ஏற்ற இறக்கமெல்லாம் அலறிக்கொண்டு ஓடி அவரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. தான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு கிழவிக்கு ஃபிரேம் காட்டிக்கொண்டிருந்த ஆதிரை, கிழவியையும் ஃபிரேமையும் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தாள்.

மூளையில் இரத்தக் கட்டி. படம் எடுத்துச் சொல்லிவிட்டார்கள். அதைக் கரைக்க ஓர் ஊசி இருக்கிறது. நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சுணங்குகிறதோ அவ்வளவு நட்டம். போட்டால் பேச்சும் கையும் திரும்பலாம். போடாவிட்டால் திரும்பாமலே போகலாம்.

ஆனால் அவர் ஏற்கெனவே இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுக்கிறவராக இருந்தால், அதே ஊசி மூளைக்குள் இரத்தத்தைக் கொட்ட வைத்து ஆளையே முடித்துவிடும்.

"அவருக்குப் பிரஷர் குளிசை மட்டும்தான்" என்று அம்மா சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தாள். டாக்டரம்மா நம்பவில்லை. இதயத்துடிப்பின் கோடுகளை விரலால் தட்டிக் காட்டினாராம். இந்தத் தாறுமாறான துடிப்பு இன்று நேற்று வந்ததல்ல. எந்த டாக்டராவது முன்பே கண்டுபிடித்திருப்பார். கண்டுபிடித்திருந்தால் கட்டாயம் குளிசை எழுதியிருப்பார். அந்தக் குளிசை இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு வர ஒன்றரை மணி நேரம்.

குடும்ப டாக்டருக்கு ஆதிரை போன் அடித்துப் பார்த்தாள். அன்று புதன்கிழமை. ஜெர்மனியில் புதன் மத்தியானத்தில் எந்த டாக்டர் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்? பதிவு செய்த குரல் ஒன்று, வியாழன் காலை எட்டு மணிக்கு வரும்படி அன்போடு அழைத்தது.

மருந்துப் பெட்டியில் பிரஷர் குளிசை மட்டுமே இருந்தது. மிச்சம் அப்பாவின் இந்த லேப்டாப்தான்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம். வீட்டுக்கு வரும் எந்தக் கடிதமானாலும் ஸ்கேன் செய்துவிடுவார். ஸ்கேனர் ஒன்று, இரண்டு என்று இலக்கம் மட்டும் போடும். இப்போது நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது. அந்தக் கோப்புகளின் பெயரை அவர் மாற்றவே மாட்டார். மாற்றினால் கடிதம் 'உடைஞ்சு போம்' என்று பயம். அதற்குப் பதிலாக ஒவ்வொன்றுக்கும் டெஸ்க்டாப்பில் அதைத் திறக்கும் ஒரு ஷார்ட்கட் ஐகான் செய்து, அதற்குத் தமிழில் பெயர் வைப்பார். டெஸ்க்டாப் நிரம்பியதும் ஒரு ஃபோல்டர். அது நிரம்பியதும் அதற்குள் இன்னொன்று. பழைய கார். பாத்ரூம் பைப். சந்திரன் கலியாண ஹோல். எதை எங்கே வைத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். அவரால் இப்போது வாயைத் திறந்து சொல்ல முடியாது.

ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்தால் இரவாகிவிடும். ஆதிரை கீழே இருந்த தேடல் பெட்டிக்குப் போய் 'மருந்து' என்று அடித்தாள். இணையத்தில் மருந்துக் கடை விளம்பரங்கள் வந்தன. அப்பாவின் மருந்து வரவில்லை.

சந்தேகம் தட்டியது. கண்ணெதிரே இருந்த 'பழைய கார்' என்ற பெயரையே அடித்தாள்.

இல்லை என்றது.

"இதென்ன விசர்! கண்ணுக்கு முன்னால இருக்கிறதை இல்லை எண்டுது."

பின்னால் யாரோ செருமினார்கள். கீழ்வீட்டு நடேசன். அப்பாவின் முப்பது வருடச் சிநேகிதர். வுப்பர்டாலில் பாதித் தமிழ் வீடுகளின் கணினிகளுக்கு அவர்தான் வைத்தியர். ஆதிரை ஓடி வந்த சத்தம் கேட்டு ஏறி வந்தவர், அரை மணி நேரமாகக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நடேசன் மாமா, உந்தத் தேடல் ஏன் வேலை செய்யேல்லை?"

"சில வேளை… பழைய லேப்டாப்தானே பிள்ளை."

"பழசு எண்டாலும் குருடாகுமே?"

நடேசன் கூரையைப் பார்த்தார். பிறகு காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தார்.

ஆதிரை கதிரையோடு அவர் பக்கம் திரும்பினாள். "மாமா. நீங்கள் ஏதோ செய்து வச்சிருக்கிறியள்."

"நான் செய்யேல்லை. முருகேசு அண்ணைதான் கேட்டவர்."

"என்ன கேட்டவர்?"

"அது அவற்ற சொந்த விசயம், பிள்ளை. உனக்குச் சொல்ல ஏலாது."

"அங்க அவர் செத்துக்கொண்டிருக்கிறார், இங்க நீங்கள் மானம் காக்கிறியளோ?"

ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் சீறியது. "நடேசன்! நான் கேட்டுக்கொண்டுதான் நிக்கிறன். சொல்லிப்போடும்!"

நடேசன் போன் பக்கம் குனிந்தார். "அக்கா, கோவிக்காதேங்கோ. ரெண்டு வரியத்துக்கு முன்னம் அண்ணை வந்து கேட்டவர். ஈஸ்வரி உதில நாடகம் தேடிப் பாக்கிறவள், அவள் தேடேக்க என்ர சாமான் ஒண்டும் மேல வரக்கூடாது எண்டு. நான் காட்டிக்குடுத்தன். என்ன சாமான் எண்டு கேக்கேல்லை. நான் நினைச்சன்…"

"என்ன நினைச்சனீர்?"

"ஆம்பிளையள் மறைக்கிறதெண்டா… ஆரோ ஒரு பொம்பிளையாக்கும் எண்டு."

"இந்த மனிசனுக்கோ!" கண்ணீருக்கு நடுவே அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத சத்தம். "ஒரு சோடி சொக்ஸ் தேடி எடுக்கத் தெரியாத மனிசனுக்கோ!"

"மாமா, இருங்கோ இதில." ஆதிரை பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டாள். "எப்பிடிப் பூட்டினியளோ அப்பிடியே திறக்கச் சொல்லித் தாங்கோ. கெதியா."

14:57.

வேலையில் இறங்கியதும் நடேசன் வேறு மனிதராகிவிட்டார். குரலில் தடுமாற்றம் போயிற்று.

"செட்டிங்ஸுக்குப் போ. தனியுரிமை. அதுக்குள்ள விண்டோஸ் தேடல். கீழ இறங்கு. தேடலில சேர்க்க வேண்டாம் எண்டு ஒரு பட்டியல் இருக்கும்."

இருந்தது. முதல் வரியிலேயே டெஸ்க்டாப். முழு டெஸ்க்டாப்பையும் அப்பா தேடலிலிருந்து தள்ளி வைத்திருந்தார்.

ஆதிரை அதை நீக்கினாள். தேடலில் 'பழைய கார்' அடித்தாள்.

இல்லை.

"மாமா!"

"பொறு பிள்ளை, ரெண்டு பூட்டு. ஒண்டு காணாது எண்டவர். இண்டெக்ஸ் எண்டு ஒண்டு இருக்கு. எது எங்க இருக்குதெண்டு கம்ப்யூட்டர் எழுதி வைக்கிற கொப்பி. அதைப் பாத்துத்தான் தேடல் பதில் சொல்லும். அந்தக் கொப்பியில ஷார்ட்கட் ஒண்டையும் எழுதாதே எண்டு சொல்லி வச்சிருக்கு. உதில அமத்து. இப்ப கோப்பு வகை. எல் என் கே எண்டு தேடு, அதுதான் ஷார்ட்கட்."

நீண்ட பட்டியல். நூற்றுக்கணக்கான எழுத்துக் கூட்டங்கள். ஆதிரையின் கண் வரி வரியாகச் சறுக்கியது. lnk. அதன் பக்கத்துச் சதுரம் மட்டும் வெறுமையாக இருந்தது. குத்தி டிக் போட்டாள்.

"இனிப் புதுசா எழுது எண்டு குடு. பழைய கொப்பியைக் கிழிச்சுப்போட்டு முதலிலயிருந்து எழுதட்டும்."

அழுத்தினாள். திரையில் ஓர் எண் தோன்றியது. 0. பிறகு 14. பிறகு 31.

"ஆதிரை, டொக்டர் மணியைப் பாக்கிறா." அம்மா அவசரப்படுத்தினாள். "அப்பான்ர இடது கை என்ர கையை இறுக்கிப் பிடிச்சிருக்கு."

"இந்தா வருது அம்மா."

58. 61. 61. 61.

எண் நின்றுவிட்டது. கீழே ஒரு வரி வந்தது. பயனர் வேலை செய்துகொண்டிருப்பதால் அட்டவணை எழுதும் வேகம் குறைக்கப்பட்டுள்ளது.

"கையை எடு!" நடேசன் கத்தினார். "மவுஸை அசைக்காதே. நீ வேலை செய்யிறாய் எண்டு அது மரியாதைக்கு ஒதுங்கி நிக்குது."

ஆதிரை கைகளைத் தூக்கி மடியில் வைத்தாள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அமுக்கிக்கொண்டாள். உயிர் போகிற அவசரத்தில் சும்மா இருப்பதைப் போல ஒரு கொடுமை உலகத்தில் இல்லை.

61. 90. 240. 700.

15:03.

1,900. 2,600.

"இப்ப அடி."

'டொக்டர்' என்று அடித்தாள். பட்டியல் மடமடவென்று விழுந்தது. பல் டொக்டர். ஈஸ்வரி கண் டொக்டர். ஆதிரை காது டொக்டர், அவளுக்கு ஆறு வயதில் பார்த்தது. எலும்பு டொக்டர். கடைசியில் ஒன்று.

நெஞ்சு டொக்டர்.

திறந்தாள். ஜெர்மன் கடிதம் ஒன்று. மேலே பக்கத்து ஊர் இதய நிபுணரின் பெயர். திகதி 2022 செப்டம்பர். கண் வரிகளைத் தாண்டித் தாண்டிக் கீழே ஓடியது. இதயத்துடிப்பு ஒழுங்கின்மை. சிகிச்சை. உறவினருக்குத் தெரிவிக்க வேண்டாம் என்பது நோயாளியின் விருப்பம். அதன் கீழே, இரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்தின் பெயர். காலை ஒன்று, இரவு ஒன்று. நிறுத்தக் கூடாது.

ஆதிரை போனை எட்டிப் பிடித்தாள்.

"அம்மா! போனை டொக்டரிட்டக் குடுங்கோ! ஊசி போட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ!"

போன் கைமாறியது. ஆதிரை மருந்தின் பெயரை எழுத்து எழுத்தாக ஜெர்மன் மொழியில் சொன்னாள். "நல்ல வேளை" என்றார் டாக்டரம்மா. யாரிடமோ திரும்பி, "அந்த ஊசியை எடுத்துவிடுங்கள்" என்றார். ஏதோ தட்டு உலோகத்தில் உரசியது.

அவ்வளவுதானா? உயிர் தப்பியது. பேச்சும் கையும்?

"ஒரு கேள்வி" என்றது டாக்டரின் குரல். "கடைசியாக எப்போது எடுத்தார்? இரண்டு நாளைக்கு மேல் ஆகியிருந்தால் ஊசி போடலாம். இன்று காலை எடுத்திருந்தால் முடியாது. ஊகித்துச் சொல்லாதீர்கள். எனக்கு நிச்சயம் வேண்டும்."

யாருக்குத் தெரியும்? குளிசை எடுக்கிறார் என்பதே அம்மாவுக்கு இப்போதுதான் தெரியும்.

ஆதிரை தேடலில் 'குளிசை' என்று அடித்தாள். ஒன்றே ஒன்று வந்தது. குளிசை போட்டது.

ஸ்கேன் அல்ல, அப்பாவே கணினியில் போட்ட அட்டவணை. திகதி, காலை, இரவு. ஒவ்வொரு நாளும் இரண்டு டிக். இரண்டு வருடம், ஒரு கட்டம் விடுபடாமல்.

"மனிசன் பஸ் அட்டவணை மாதிரி வச்சிருக்கிறார்" என்று நடேசன் முணுமுணுத்தார்.

ஆதிரை அடிக்கு இழுத்தாள். ஒக்டோபர் ஓடியது. நவம்பர் வந்தது. முதலாம் திகதி, வெள்ளி. காலை டிக். இரவு டிக்.

சனி, வெறுமை. ஞாயிறு, வெறுமை. திங்கள், செவ்வாய், இன்று, எல்லாமே வெறுமை.

"வெள்ளி இரவு!" ஆதிரை கத்தினாள். "கடைசியாக வெள்ளி இரவு. அவரே எழுதி வைத்திருக்கிறார். இரண்டு வருடத்தில் ஒரு டிக்கைக்கூட மறந்ததில்லை."

"நிச்சயமாக?"

"நிச்சயமாக."

"நாலு நாளுக்கு மேல்." டாக்டரின் குரல் அறைக்குள் திரும்பியது. "ஊசியைக் கொண்டுவாருங்கள். இப்போதே."

ஓடும் காலடிகள். சக்கரங்கள். பிறகு அம்மா, போனுக்கு மிக அருகில்.

"போடுகினம் பிள்ளை. போடுகினம்." மூச்சு வாங்கினாள். "ரெண்டு வரியம் மறக்காமல் போட்ட மனிசன், என்னத்துக்கு நிப்பாட்டினவர்? அதுவும் எழுதியிருக்கே?"

சனிக்கிழமைக் கட்டத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஏதோ இருந்தது. ஆதிரை பெரிதாக்கி வாசித்தாள்.

"கந்தசஷ்டி தொடக்கம். ஆறு நாளும் தண்ணி மட்டும். குளிசையும் சாப்பாடுதானே."